ஏழாம் இலக்கச் சுங்கான்

"சுங்கான் நல்லா இருக்குது, ருசியும் சரி எண்டு இங்கிலீசில எழுதும் மேனுஜா. கீழ உம்மட பேரைப் போட்டு, பட்டத்தையும் போட்டுக் கையெழுத்து வையும்," என்றார் தர்மசீலன் சேர்.

"ஆர் பிடிச்சுப் பார்த்தது சேர்?"

"வரதன் பிடிச்சவன். நல்லா இருக்காம்."

வரதன் எங்கள் படகு யாட்டின் தச்சன். மத்தியான வெயிலைக் காட்டி மழை பெய்கிறதா என்று சேர் கேட்டால், குடையைத் தேடிக்கொண்டே "ஓம் சேர்" என்பவன். அவனுடைய நாக்கை நம்பி என்னுடைய பட்டத்தை நான் அடகு வைக்க வேண்டுமாம்.

"நான் பிடிச்சுப் பார்க்காத சாமானுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

சேர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். "அப்ப நீரே பிடிச்சுப் பாருமன்!"

கந்தோருக்குள் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். வரதன் கையைத் தட்டியே சிரித்தான். நான் மேசையில் கிடந்த பெட்டியைத் திறந்து, புகையிலை பிடிக்கும் அந்த மரக்குழாய்களில் கைக்கு முதலில் அகப்பட்ட சுங்கானை எடுத்தேன். அதன் அடியில் 7 என்று பொறித்திருந்தது.

"வெள்ளிக்கிழமை சொல்லுறன்," என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் யாட் திருகோணமலை உள்துறைமுகக் கரையில் இருக்கிறது. மீன் வள்ளங்கள், திமிங்கிலம் காட்டப் போகும் படகுகள், எப்போதாவது ஒரு வெளிநாட்டுப் பாய்ப்படகு என்று எல்லாவற்றையும் கரையேற்றித் திருத்துவோம். திருத்துவோம் என்றால் நானில்லை. என் அப்பா செல்லத்தம்பி அங்கே இருபத்தெட்டு வருடமாக வார்னிஷ் அடிக்கிறார். நான் கந்தோரில் கடிதம் அடிக்கிறேன். இரசாயனவியலில் பட்டம் எடுத்து, நாலு வருடம் நேர்முகத் தேர்வுகளுக்கு ஏறி இறங்கி, வேலையில்லாப் பட்டதாரிகளின் பதாகைக்குக் கீழே வெயிலில் குந்தியிருந்து, கடைசியில் அப்பா சேரிடம் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டதால் கிடைத்த வேலை. ஆட்கள் வந்தால் சேர் என்னைக் காட்டி, "செல்லத்தம்பியின்ர மகள், பிஎஸ்ஸி" என்பார். அதே மூச்சில், "பிள்ளை, ரெண்டு ரீ ஊத்தும்" என்பார்.

சுங்கான் எங்கள் யாட்டுக்கு வந்தது ஒரு இத்தாலிக்காரரால். போன வருடம் அவருடைய பாய்ப்படகு பழுதாகி நாலு மாதம் எங்களிடம் கிடந்தது. அப்பா அடித்த வார்னிஷில் தன் முகத்தைப் பார்த்துத் தலைவாரிக்கொண்ட மனிதர். ஊரில் அவருக்கு ஒரு புகையிலைக் கடை இருக்கிறது. திரும்பிப் போய் முப்பத்தொரு கட்டை அனுப்பினார். பிரையர் என்று ஒரு பற்றைச் செடி. அவருடைய கடற்கரையில் வளர்வதாம். அதன் வேர்முடிச்சு நெருப்புக்கு இலேசில் எரியாது. புகையிலை வைக்கும் குழியையும் புகை வரும் துளையையும் அங்கேயே துளைத்து, வாயில் வைக்கும் தண்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார். வெளியைச் செதுக்கி, மினுக்கி, முடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. செதுக்கியது வரதன். முடித்தது அப்பா.

ஒன்றாம் இலக்கத்தை மாதிரிக்கு அனுப்பினோம். அவருடைய மின்னஞ்சலை நான்தான் சேருக்கு வாசித்துச் சொன்னேன். வடிவு அருமை, ருசி மோசம். புது பிரையர் முதலில் ருசிகெட்டுத்தான் இருக்கும், பத்துப் பன்னிரண்டு தரம் பிடித்துப் பழக்கினால் உள்ளே கரி படிந்து சரிவரும். ஆனால் இதை மூன்றாம் தரத்துக்கு மேல் தன்னால் வாயில் வைக்க ஏலவில்லை. ஒருவேளை தன் நாக்கின் பிழையாகவும் இருக்கலாம். நீங்கள் ஒன்றை எடுத்துப் பழக்கிப் பாருங்கள், விஞ்ஞானம் படித்த ஒருவர் அதை எழுதிக் கையெழுத்து வைத்தால் மிச்சத்தை எடுப்பேன், வருடத்துக்கு முந்நூறு கட்டையும் அனுப்புவேன் என்று எழுதியிருந்தார்.

விஞ்ஞானம் படித்த ஒருவர் அந்த யாட்டில் நான்தான்.

என்னுடைய பட்டத்தோடு சேர்த்து என் கையெழுத்தை வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டார்கள். அதைத்தான் வரதனின் நாக்குக்குக் கீழே வைக்கச் சொன்னார்கள். அம்மா குணமணிக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அப்பா ஒரு காலத்தில், ஒரு முகாமில், தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்த தாளில் கையெழுத்து வைத்தவர். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு தாளை மேலிருந்து கீழ்வரைக்கும் வாசித்துவிட்டுப் பேனையைத் தேடுபவள் நான். அதை விட்டுக்கொடுக்க முடியாது.

வரதனிடம் போய், செதுக்கும்போது மூலை உடைந்ததால் ஒதுக்கிவைத்த கட்டையைக் கேட்டேன்.

"அது என்னத்துக்கு? வார்னிஷும் அடிக்கேல்ல, ஒண்டும் அடிக்கேல்ல. மொட்டை."

"அதுதான் வேணும்."

புது பிரையரின் கெட்ட ருசி எது, எங்கள் யாட்டின் கெட்ட ருசி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு வேண்டும். ஒன்று நாங்கள் முடித்தது, மற்றது முடிக்காதது. அதே புகையிலை, அதே அளவு, அதே நாக்கு. இதை எனக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் சொல்லித் தந்தார்கள். ஏழையும் மொட்டையையும் எடுத்துக்கொண்டேன். புகையிலையை இத்தாலிக்காரரே ஒரு தகரத்தில் அனுப்பியிருந்தார்.

திங்கள் மத்தியானம், எல்லோரும் சோற்றுப் பார்சலைப் பிரித்த நேரம், நான் யாட்டின் இறங்குதுறைக்குப் போனேன். கந்தோருக்குள் பிடித்தால் ஒளித்துப் பிடித்தாள் என்பார்கள். நான் எதையும் ஒளித்துச் செய்யப் போவதில்லை.

கணக்குப் பார்க்கும் ஷிஃபானா கிண்ணியாவிலிருந்து வருகிறவள். எனக்குப் பின்னால் ஓடிவந்து குடையை விரித்து, என்னை ரோட்டுக்கு மறைத்துக்கொண்டு நின்றாள்.

"குடையை எடு ஷிஃபானா."

"என்ன புள்ள இது? முழுத் துறைமுகமும் பார்க்குது."

"பார்க்கட்டும். காசா கேக்கிறன்?"

முதல் நாட்களில் குழியின் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, இறுக்கி அடைக்கக் கூடாது, புகையை உள்ளே இழுக்காமல் வாயில் வைத்துவிட்டு விட வேண்டும் என்று போனில் தேடி வாசித்திருந்தேன். வாசிப்பது வேறு. ஏழைப் பற்றவைத்து முதல் இழுவையிலேயே புகையைப் பாதி நெஞ்சுக்குள் விட்டுவிட்டேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. துறைமுகத்துக்குள் எட்டிப் பார்த்துச் சத்தி எடுத்தேன். ஷிஃபானா ஒரு கையால் என் முதுகைத் தடவினாள். மற்றக் கையில் குடை அப்படியே நின்றது.

எஞ்சின் திருத்தக் கொண்டுவந்த வள்ளத்தில் குந்தியிருந்த முனீப் நானா இதைப் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, கொழும்புக் கப்பல் மாதிரிப் புகை போகுது? எஞ்சினில ஏதும் கோளாறோ?"

வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "உங்கட எஞ்சினை விடப் பரவாயில்லை நானா. என்ர எஞ்சின் ஸ்டார்ட் ஆகுது."

வள்ளத்தில் நின்ற மற்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். முனீப் நானாவும் சிரித்தார். ஆனால் பார்வையைத் திருப்பவில்லை. நான் திரும்பவும் பற்றவைத்தேன். இந்தத் தரம் புகை வாயோடு நின்றது. முடிந்ததும் தண்ணீரால் கொப்பளித்து, கொஞ்ச நேரம் பொறுத்து, மொட்டையைப் பிடித்தேன். பிறகு கொப்பியில் எழுதினேன்.

ஏழு: புதிதாய்ப் பூசிய அலுமாரிக் கதவை நக்கினது போல. மொட்டை: வேப்பங்கொட்டையைக் கடித்தது போல.

இரண்டும் கெட்ட ருசிதான். ஆனால் ஒரே கெட்ட ருசி இல்லை.

ஐந்து மணிக்கும் இரண்டையும் ஒரு தரம் பிடித்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா குசினி வாசலில் கரண்டியோடு நின்றா.

"குணமணியின்ர மகள் சுருட்டுக் குடிக்கிறாளாம் எண்டு பஸ்சுக்குள்ள கதைக்கிறாங்கள்!"

"சுருட்டில்லை அம்மா, சுங்கான்."

"அதைப் பெருமையாத் திருத்திச் சொல்லு! உனக்கு இனி ஆரடி மாப்பிள்ளை தருவான்?"

"இலங்கைத்துறையில மாமி நாப்பது வருசமாச் சுருட்டுக் குடிக்கிறா. நெருப்பு முனையை வாய்க்குள்ள வைச்சுக் குடிக்கிறா. அவவை ஆர் என்ன கேட்டவை?"

"அவ படிக்காதவ!"

"அப்ப நான் படிச்சதுக்குத் தண்டனையோ?"

அம்மா கரண்டியை ஓங்கினா. பிறகு அந்தக் கரண்டியாலேயே எனக்குச் சோறு போட்டா. அன்றைக்கு இரண்டு மீன் துண்டுக்குப் பதிலாக ஒன்றுதான் கிடைத்தது.

அப்பா சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்துதான் சொன்னார்.

"பிடி, விடு, அது உன்ர பாடு. ஆனால் என்ர வேலையை இருபத்தெட்டு வருசமா ஒருத்தனும் நக்கிப் பார்த்துச் சரி சொன்னதில்லை."

"உங்கட வேலையைப் பார்க்கேல்ல அப்பா. மரத்தைத்தான் பார்க்கிறன்."

"மரத்தில என்ர வேலைதான் கிடக்குது," என்றார்.

செவ்வாய், புதன், வியாழன். மத்தியானம் ஒரு தரம், வேலை முடிந்து ஐந்து மணிக்கு ஒரு தரம். ஒரு நாள் ஏழு முதலில், மறுநாள் மொட்டை முதலில். மூன்றிலொரு பங்கு, பிறகு பாதி, பிறகு முழுக்குழி. புதன்கிழமை யாட்டுக்கு வெளியே நாலு பொடியன்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நான் முகத்தை நேரே திருப்பி, சுங்கானை இடது பக்கத்துக்கு மாற்றி, "முகம் வடிவா விழுந்துதோ?" என்று கேட்டேன். அவர்கள்தான் போனைக் கீழே இறக்கினார்கள். ஷிஃபானா அன்றையிலிருந்து குடையை விரிப்பதை விட்டுவிட்டாள். எனக்குப் பக்கத்தில் குந்தி, நெருப்புப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தன் பார்சலைச் சாப்பிட்டாள்.

"இண்டைக்கு மொட்டை என்ன சொல்லுது?" என்று கேட்பாள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஆளைக் கேட்பதுபோல.

மொட்டை தேறி வந்தது. மூன்றாம் நாள் கசப்பு நுனிநாக்கோடு நின்றது. நாலாம் நாள் வறுத்த கச்சான் கடலையின் தோல் போல ஒரு ருசி வந்தது. குழியின் சுவரில் மெல்லிய கரிப் படை, விரலால் தொட்டால் மென்மையாக, ஒரே சீராகப் படிந்திருந்தது. எனக்கு அது பிடிக்கத் தொடங்கியதை நான் கொப்பியில் எழுதவில்லை. அது பரிசோதனையில் சேராது.

ஏழு தேறவேயில்லை. எட்டாம் தரமும் அலுமாரிக் கதவுதான். தலையிடி வேறு. வியாழன் பின்னேரம் வெளிச்சத்தில் குழியைச் சரித்துப் பார்த்தேன். கரி சுவரில் பிடிக்காமல் பொருக்குப் பொருக்காய் உரிந்து கிடந்தது. அதற்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

வெள்ளி காலை மற்றவர்கள் வரமுன் போய், வரதனின் மரம் அறுக்கும் வாளை எடுத்து, ஏழாம் இலக்கத்தை நெடுகக் கிழித்தேன். மரம் வைரமாக இருந்தது. இரண்டு பாதியும் பிரிந்தபோது உள்ளே பளபளத்தது. வெளியே இருந்த அதே பளபளப்பு, குழியின் வாயிலிருந்து அடிவரைக்கும். நெருப்புப் பட்ட இடத்தில் பாகு போல இளகி, கறுத்து, வீங்கியிருந்தது.

"ஏன் அதை வெட்டினனீ?"

அப்பா பின்னால் நின்றார், கையில் தூரிகையோடு.

"அப்பா, உள்ளுக்கும் வார்னிஷ் அடிச்சனீங்களோ?"

"பின்ன? ரெண்டு கை அடிச்சனான்." கேட்டதே பிழை என்ற மாதிரி என்னைப் பார்த்தார். "உள்ளுக்கு அடிக்காட்டி மரம் தண்ணி குடிச்சு ஊதிப்போகும். கள்ளவேலை செய்யிறவன்தான் கண்ணுக்குத் தெரியுற பக்கம் மட்டும் அடிப்பான். நான் வள்ளத்தின்ர அடிப்பலகைக்குக் கீழயும் கை விட்டு அடிக்கிறவன். சின்னக் குழி எண்டபடியால் கோழிச்சிறகில பஞ்சைச் சுத்தி அடிச்சனான். நீ பாரன், ஒரு இடம் விடுபட்டிருக்குதோ எண்டு."

ஒரு இடமும் விடுபடவில்லை. அதுதான் பிரச்சினை. இருபத்தெட்டு வருடமாக யாரும் பார்க்காத இடத்திலும் நேர்மையாக வேலை செய்த மனிதர், நெருப்பு வைக்கும் குழியையும் அதே நேர்மையோடு தண்ணீர் படாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

"அப்பா, இதுக்குள்ள தண்ணி வராது. நெருப்புத்தான் வரும். வார்னிஷ் உருகி, அதின்ர புகை வாய்க்குள்ள போகுது."

அவர் ஒரு பாதியை வாங்கிப் பார்த்தார். கொப்புளத்தை நகத்தால் சுரண்டினார். மணந்தார். பிறகு அதை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, தூரிகையைத் தின்னர் தகரத்துக்குள் போட்டுவிட்டுப் போனார்.

ஷிஃபானா வந்ததும் கேட்டேன். "அந்த இத்தாலிக்காரன் கட்டை அனுப்பேக்க ஒரு அறிவுறுத்தலும் அனுப்பேல்லையோ?"

அவள் அலுமாரியைத் திறந்து ஒரு கடிதக் கோப்பை எடுத்தாள். முன்பக்கமே கிடைத்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம். மேலே எங்கள் யாட்டின் 'கிடைத்தது' முத்திரை, பக்கத்தில் சேரின் சுருட்டைக் கையெழுத்து. நாலாவது வரியில், குழியின் உட்பக்கத்தில் எதையும் பூச வேண்டாம், வெறும் மரமாக விடவும் என்று இருந்தது. எதையும் என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு.

"இதை ஏன் என்னட்டைத் தரேல்ல?"

"சேர் சொன்னவர், சுங்கானுக்கு என்ன கடிதம், கோப்பில போடு எண்டு."

பத்து மணிக்குச் சேர் வந்தார். நான் இரண்டு பாதியையும் கடிதத்தையும் என் கொப்பியையும் அவர் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பாதிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது உம்மட அப்பாட பிழை."

"நீங்கள் அப்பாட்ட என்ன சொன்னனீங்கள்?"

"வடிவா முடி எண்டனான்."

"அவர் வடிவாத்தான் முடிச்சவர். நாலாவது வரியை வாசியுங்கோ சேர். மேல இருக்கிற கையெழுத்து ஆரின்ர?"

"எனக்கு ஒரு நாளைக்கு எத்தினை தாள் வருது எண்டு தெரியுமோ உமக்கு? எல்லாத்தையும் வாசிச்சோ கையெழுத்து வைக்கிறது?"

"நான் வாசிச்சுத்தான் வைக்கிறனான்."

அவர் முகம் கறுத்தது. பிறகு குரலை இறக்கினார். இறக்கிய குரல்தான் எனக்குக் கூடுதலாக ஆத்திரத்தைக் கிளப்பும்.

"இஞ்ச பாரும் பிள்ளை. புதுச் சுங்கான் எண்டால் ருசி கெட்டுத்தான் இருக்கும் எண்டு அவனே எழுதியிருக்கிறான். வாங்கிறவங்களும் அப்பிடித்தான் நினைப்பாங்கள். பத்துத் தரம் பிடிச்சால் வார்னிஷ் எரிஞ்சு போயிடும்."

"எரிஞ்சு போறதில்லை சேர். வாய்க்குள்ள போறது."

"நீர் கையெழுத்தை வையும். முந்நூறு கட்டை வருது. உம்மையும் நிரந்தரமாக்கிறன், அப்பாவையும் பார்த்துக்கொள்ளுறன். இல்லை, பிழை எண்டுதான் எழுதப் போறீர் எண்டால், பிழை செய்த ஆளை நான் வைச்சிருக்கேலாது. விளங்குதோ?" வாசலைப் பார்த்து, "செல்லத்தம்பி!" என்று கத்தினார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். அந்தக் கந்தோருக்குள் அவர் ஒருநாளும் செருப்போடு வந்ததில்லை.

"உன்ர மகள் உன்ர வேலை பிழை எண்டு இத்தாலிக்கு எழுதப் போறாவாம்."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் எனக்காகக் கதைப்பார் என்று நான் நினைத்தேன். மடைச்சி.

"எழுதாத பிள்ளை," என்றார். "ஊருக்குள்ள என்ன சொன்னாலும் தாங்குவன். கடல் கடந்து போற தாளில, அதுவும் உன்ர கையால, செல்லத்தம்பியின்ர வேலை பிழை எண்டு வேணாம். உன்னைப் படிப்பிச்சது அதுக்கோ?"

"ஓம் அப்பா," என்றேன். "அதுக்குத்தான்."

என் மேசைக்குப் போய் இருந்தேன். எழுதினேன்: ஏழாம் இலக்கச் சுங்கானையும் பூச்சில்லாத ஒன்றையும் நாலு நாளில் எட்டெட்டுத் தரம் பிடித்துப் பார்த்தேன். பூச்சில்லாதது பழகிவிட்டது; நல்ல மரம். ஏழாம் இலக்கம் பழகாது. குழிக்குள் இரண்டு பூச்சுப் படகு வார்னிஷ் இருக்கிறது. உங்கள் கையில் உள்ள ஒன்றாம் இலக்கத்தையும் பிடிக்க வேண்டாம். உட்பக்கத்தை வெறுமையாக விடும்படி நீங்கள் எழுதிய கடிதம் யாட்டுக்குக் கிடைத்தது, முத்திரையும் இருக்கிறது. ஆனால் வேலை செய்தவரிடம் அது சொல்லப்படவில்லை. படகுக்குச் சரியான முறைப்படி அவர் ஒரு இடமும் விடாமல் செய்திருக்கிறார். மிச்சமுள்ளவற்றை உள்ளே மரம் தெரியும்வரை தேய்த்தெடுத்தால் சரிவரும். அதுவரை ஒன்றையும் விற்க வேண்டாம்.

கீழே என் பெயர். செ. மேனுஜா. அதற்குக் கீழே பட்டம். மேலிருந்து கீழ்வரைக்கும் இரண்டு தரம் வாசித்தேன். தாளில் எடுத்துக் கையெழுத்து வைத்து, படம் பிடித்து, வெட்டிய பாதிகளின் படத்தோடும் கடிதத்தின் படத்தோடும் அனுப்பினேன்.

"அனுப்பியாச்சு சேர்."

தர்மசீலன் சேர் கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பினார். "நீரும் வேலையால நிண்டுகொள்ளும், அவரும் நிண்டுகொள்ளட்டும்! இண்டையோட!"

"சரி சேர். கடிதம் தாங்கோ."

"என்ன கடிதம்?"

"வேலையால நிப்பாட்டுற கடிதம். என்ன காரணம் எண்டு எழுதி, வாசிச்சு, கையெழுத்து வைச்சு. ரெண்டு பேருக்கும்."

அவர் என் கொம்பியூட்டரைப் பார்த்தார். பிறகு ஷிஃபானாவைப் பார்த்தார்.

"எனக்குக் கணக்கு மட்டுந்தான் சேர் தெரியும்," என்றாள் ஷிஃபானா, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்கள் சொல்லச் சொல்ல நான் வேணுமெண்டால் அடிச்சுத் தாறன்," என்றேன். "தமிழிலயும் அடிக்கலாம்."

வாசலில் அப்பாவின் செருப்பு மட்டும் கிடந்தது. அவர் வெறுங்காலோடு போயிருந்தார். சேர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போய், யாருக்கோ போன் எடுத்துக் கத்தினார். கடிதம் வரவில்லை. நான் பன்னிரண்டு மணிவரை அதற்காகவே மேசையில் காத்திருந்தேன். பிறகு மொட்டையையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன்.

பரிசோதனை முடிந்துவிட்டது. இனிப் பிடிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அதனால்தான் பிடித்தேன். முழுக்குழி நிரப்பி, ஒரே குச்சியில் பற்றவைத்தேன். சீனக்குடாப் பக்கம் ஒரு கப்பல் சும்மா நின்றது. முனீப் நானாவின் வள்ளம் திருத்தி முடிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. இந்தத் தரம் அவர் ஒரு கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

அரைவாசி எரிந்திருக்கும். பின்னால் பலகை கிரீச்சிட்டது.

அப்பா சுங்கான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு மூன்று முழம் தள்ளிக் குந்தினார். மடியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். அதன் நுனியில் சாண்ட் பேப்பரை இறுக்கிச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். இரண்டாம் இலக்கத்தை எடுத்துக் குழிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு ஆழத்துக்குத் தேய்க்க வேணும்?"

"வார்னிஷ் போய் மரம் தெரியுற வரைக்கும். அதுக்கு மேல வேணாம்."

"அடிப்பக்கமும்?"

"அடிப்பக்கமும்."

"சேர் எங்களை நிப்பாட்டிப்போட்டாராமே."

"கடிதம் தரேல்ல."

"அப்ப வேலை கிடக்குது," என்றார். குச்சியை இரண்டு சுற்றுச் சுற்றினார். மஞ்சள் தூள் அவர் முழங்காலில் கொட்டியது. பிறகு திடீரென்று கோபம் வந்தவர் போல, "முதல் உந்தச் சனியனை வாயால எடு. ஆட்கள் பார்க்குதுகள்," என்றார்.

நான் எடுக்கவில்லை. பெட்டியிலிருந்து மூன்றாம் இலக்கத்தை எடுத்தேன்.

"எனக்கும் ஒரு குச்சி கட்டித் தாங்கோ," என்றேன், பல்லுக்கு இடையில் சுங்கானோடு.